சேக்காளி சேர எத்தனை மணி நேரம்?

திருச்சுழிப் பக்கம் முப்பத்தைந்து, நாற்பது வயதுப் பெண் ஒருவரிடம் "உங்களுக்கு நெருங்கிய சேக்காளி யாரு?" என்று கேட்டால், பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் பெயர்தான் முதலில் வரும். அவர் இப்போது எங்கே என்றால், "திருப்பூர்ல கட்டிக் கொடுத்தாக, போக்குவரத்து விட்டுப் போச்சு" என்பார். சரி, இப்போது யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசனை. பிறகு ஓரகத்தி, நாத்தனார், எதிர்வீட்டு மதினி என்று உறவுமுறைகளாக வரும். இதே கேள்வியை அந்த வீட்டு ஆணிடம் கேட்டால் யோசிக்கவே மாட்டார். சின்ன வயதில் கண்மாயில் சேர்ந்து குதித்த அதே நாலு பேர்தான், இன்றைக்கும் அதே டீக்கடையில்.

"பொம்பளைக நாலு பேரு ஒத்துமையா இருந்துருவாகளா?" என்று ஏசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பெண்களின் குணத்தில் தேடுகிறார்கள். அந்த ஆண் ஊரை விட்டு எங்கும் போகவில்லை, அந்தப் பெண் போனார் என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கும் மேல். அவர்களில் பெண்கள் இடம்பெயர்ந்ததற்கு முதற்காரணம் வேலையும் அல்ல, படிப்பும் அல்ல, கல்யாணம். இருபது வயதுவரை சேர்த்து வைத்த பழக்கத்தை எல்லாம் ஒரே நாளில் விட்டுவிட்டு, யாரையும் தெரியாத தெருவில் முதலிலிருந்து தொடங்கச் சொல்கிற ஏற்பாடு இது.

விலங்குகளிலும் இந்த ஏற்பாடு உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. நம் கோயில்களில் திரியும் நாட்டுக்குரங்குகளில் பெண் பெரும்பாலும் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருக்கும். கூட்டம் மாறிப் போவது ஆண்தான். ஆப்பிரிக்க பபூன் குரங்குகளில் பெரும்பாலானவையும் அப்படியே. கென்யாவின் அம்போசெலியில் 16 ஆண்டுக் கவனிப்புகளைக் கொண்டு ஜோன் சில்க் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர்களோடு அதிகம் ஒட்டிப் பழகிய பெண் பபூன்களின் குட்டிகளே கூடுதலாகப் பிழைத்தன. ஆனால் அந்தப் பெண்களைச் சுற்றி அம்மா, அக்கா, தங்கை எல்லாம் இருந்தார்கள். பிறந்த வீட்டுப் பலம் அது.

மனிதருக்கு மிக நெருங்கிய உறவான போனபோ குரங்கின் கதைதான் நம் மருமகள்களுக்குக் கிட்டத்தில் வருகிறது. அங்கே பருவம் எய்தும் பெண் பிறந்த கூட்டத்தை விட்டுப் போய், ஒருத்தரையும் தெரியாத கூட்டத்தில் சேர வேண்டும். காங்கோவின் வாம்பா காட்டில் 1970கள் முதல் போனபோக்களைக் கவனித்துவரும் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். புதிதாக வரும் இளம்பெண் கூட்டத்தோடு மொத்தமாக ஒட்டப் பார்ப்பதில்லை. வயதில் மூத்த ஒரு பெண்ணைப் பார்த்து, அவளையே சுற்றுகிறாள், பக்கத்தில் உட்காருகிறாள், ரோமம் கோதிவிடுகிறாள். அந்த மூத்தவள் ஏற்றுக்கொண்டால் மற்றவர்களும் மெல்ல ஏற்றுக்கொள்கிறார்கள். ரத்த உறவு இல்லாத இந்தப் பெண்கள் பிறகு சேர்ந்து நின்று, தங்களைவிட உருவத்தில் பெரிய ஆண்களையே விரட்டிவிடுகிறார்கள். போனபோக் கூட்டங்களில் பெண்ணின் கை ஓங்குவதற்கு இந்தக் கூட்டணியே முக்கியக் காரணம் என்று 30 ஆண்டுத் தரவுகளை அலசிய ஒரு கட்டுரை 2025இல் சொன்னது. பிறந்த வீட்டை விட்டு வருவதாலேயே பெண்கள் தனித்துப் போக வேண்டும் என்ற உயிரியல் விதி எதுவும் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. மூத்தவள் ஒருத்தி வேண்டும், அவள் பக்கத்தில் உட்கார நேரம் வேண்டும்.

நம் ஊரில் அந்த மூத்தவள் யார்? தமிழ்நாட்டின் தெற்கே இரண்டு கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் எலினார் பவர், வீடு வீடாகப் போய்க் கேட்டார்: அவசரத்துக்குக் கடன் யாரிடம் கேட்பீர்கள், யோசனை யாரிடம், ஒத்தாசை யாரிடம்? பதில்களை எல்லாம் கோடுகளாக இழுத்தால் ஊரின் உறவு வலை முழுதும் படமாக வந்துவிடும். அந்தத் தரவுகளை வைத்து அவரும் எல்ஸ்பெத் ரெடியும் 2019இல் எழுதிய கட்டுரையில் எதிர்பாராத முடிவு ஒன்று இருக்கிறது. கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்தவர்களின் வலை, சொந்த ஊரிலேயே இருப்பவர்களுடையதைவிடக் கொஞ்சம்தான் சிறியது. உடன்பிறந்தவர்கள் பக்கத்தில் இல்லை என்பதால், இருக்கிற சில உறவுகளையே இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த உறவுகளில் பெரும்பாலோர் புகுந்த வீட்டுக்காரர்கள்.

மாமன் மகன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டிக் கொடுக்கிற வழக்கம் உள்ள ஊரில் இது ஆச்சரியம் இல்லை. மாமியாரே அத்தையாக இருப்பார். (சொந்தத்தில் கட்டுவதால் பிள்ளைகளுக்கு வரும் மரபணுச் சிக்கல் வேறு கதை, அதையும் சேர்த்துத்தான் இந்த ஆதாயத்தை எடைபோட வேண்டும்.) உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 2018இல் அனுக்ரிதி உள்ளிட்ட பொருளியலாளர்கள் இளம் மனைவிகளிடம் நடத்திய ஆய்வு இதற்கு நேர் எதிர்ப்படம் காட்டுகிறது. சொந்த ஊரிலும் சொந்தத்திலும் பெண் எடுக்காத பகுதி அது. வீட்டுக்கு வெளியே நெருங்கிப் பேச ஆளே இல்லாதவர்கள் அங்கே ஏராளம். மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு வெளியே போவதும் பழக்கம் பிடிப்பதும் இன்னும் குறைவு.

நம் பெண்கள் தேவலை என்று இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் கைமாற்று வாங்க ஆள் இருப்பது வேறு, மனசுவிட்டுப் பேச ஆள் இருப்பது வேறு. மாமியாரைப் பற்றிப் புலம்ப மாமியாரின் தங்கையிடமா போவது? புகுந்த வீட்டு உறவு வலையில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். ஒரு முனையில் சொன்னது பொழுது சாய்வதற்குள் மறுமுனைக்குப் போய்விடும். உறவுக்கு வெளியே ஒருத்தி தேவைப்படுவது இதனால்தான். அவள் சும்மா வந்துவிட மாட்டாள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், புதிய ஊருக்குக் குடிவந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் பின்தொடர்ந்து 2018இல் சொன்னது இது: முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கும் மேல். அமெரிக்கக் கணக்கு நமக்கு அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை. இருந்தாலும், நட்பு மணிக்கணக்கில் விளைகிற சமாச்சாரம் என்ற அடிப்படை மாறாது. இன்னொன்றையும் ஹால் கவனித்தார். ஒரே இடத்தில் வேலை பார்க்கும் நேரம் எவ்வளவு கூடினாலும் நெருக்கம் அதே அளவில் கூடுவதில்லை. வேலைக்கு நடுவிலும் வெளியிலும் சும்மா பேசிக் கழித்த நேரம்தான் நெருக்கத்தைக் கூட்டுகிறது.

அந்தச் சும்மா நேரம் பெண்களிடம் எங்கே இருக்கிறது? மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரி 299 நிமிடம். வீட்டு வேலை பார்க்கும் ஆண்கள் 97 நிமிடம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, காட்டு வேலை எல்லாம் தனி. எல்லாம் போக ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், 200 மணி நேரம் சேர 800 நாள் வேண்டும். இரண்டு வருடத்துக்கும் மேல், அதுவும் ஒரே ஒரு சேக்காளிக்கு.

அதனால் இந்தச் சீமையில் பெண்களின் நட்பு எப்போதும் ஏதோ ஒரு வேலையின் மறைவில்தான் வளர்ந்திருக்கிறது. "பேசிட்டு வாரேன்" என்று ஒரு மருமகள் வாசல் தாண்ட முடியாது. "தண்ணிக்குப் போயிட்டு வாரேன்" என்றால் முடியும். கிணறெல்லாம் உப்பாகக் கிடக்கும் கரிசல் காட்டில் நல்ல தண்ணீருக்கு ஊருணிதான் கதி என்றிருந்த நாளில், அந்த நடையும் காத்திருப்பும் தினமும் கிடைத்தன. களை வெட்டப் போகும் கூட்டமும் அப்படித்தான். ஐப்பசியில் மழை இறங்கி மானாவாரியில் பருத்தி, உளுந்து, மல்லி எல்லாம் முளைத்து எழும்பும்போது, பத்துப் பதினைந்து பேர் வரிசை பிடித்து நாளெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நகர்வார்கள். கைக்குத்தான் வேலை, வாய்க்கு ஓய்வு. அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருக்களில் தார் சுற்றும் பெண்களுக்கும், திண்ணையில் உட்கார்ந்து மல்லிகைப் பூக் கட்டுகிறவர்களுக்கும் அதே சௌகரியம்.

இவற்றில் பல இப்போது குறைந்துவிட்டன. தெருக்குழாயும் வீட்டுக் குழாயும் வந்து ஊருணி நடையைக் குறைத்தன. மக்காச்சோளமும் களைக்கொல்லியும் களை வெட்டும் கூட்டத்தைக் குறைத்தன. இதற்காக யாரும் குடத்தைத் திரும்பத் தூக்கப் போவதில்லை, தூக்கவும் கூடாது. இடுப்பு ஒடிந்தது அவர்களுக்குத்தான். ஆனால் குழாய் மிச்சப்படுத்திக் கொடுத்த அரைமணி நேரம் யார் கைக்குப் போனது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அடுத்த வீட்டு வேலைக்குத்தான் போயிருக்கிறது.

புதிய இடங்களும் முளைக்காமல் இல்லை. விடியற்காலையில் கிராமம் கிராமமாக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு நூல் மில்லுக்குப் போகும் வேன்களைப் பாருங்கள். மில்லுக்குள் எந்திர இரைச்சலில் பேச முடியாது, பேசவும் விடமாட்டார்கள். ஹால் சொன்ன வேலை நேரம் அது. வேன் அப்படியல்ல. போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வாரம் எட்டு மணி நேரம். ஆறே மாதத்தில் 200 மணி நேரம் வந்துவிடும். தூங்கி வழிகிற நேரத்தைக் கழித்துக்கொண்டாலும் ஒரு வருடத்துக்குள் சேர்ந்துவிடும். வேறு வேறு ஊர்க்காரிகள், வேறு வேறு மாமியார்கள். ஒருத்தி சொன்னது இன்னொருத்தி ஊருக்குப் போய்ச் சேர வழியில்லை. புலம்புவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

மனிதர்களை வேகமாக ஒட்டவைக்கும் இன்னொரு வழி, ஒரே தாளத்தில் உடம்பை அசைப்பதும் சேர்ந்து பாடுவதும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஐலூனெட் பியர்ஸ், ராபின் டன்பார் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களுக்கான மாலை வகுப்புகளில் பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்களையும் எழுத்து, கைவேலை வகுப்புகளில் சேர்ந்தவர்களையும் ஏழு மாதம் ஒப்பிட்டார்கள். முடிவில் எல்லா வகுப்பினரும் ஒரே அளவு நெருங்கியிருந்தார்கள். ஆனால் பாடியவர்கள் தொடக்கத்திலேயே ஒட்டிவிட்டார்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் எதுவும் தெரிந்துகொள்ளும் முன்பே, சேர்ந்து பாடுவது கூச்சத்தை உடைத்துவிடுகிறது. ஒத்திசைந்து அசையும்போது மூளையில் என்டார்ஃபின் என்ற வேதிப்பொருள் ஊறுவதே இதற்குக் காரணம் என்பது டன்பார் குழுவினரின் விளக்கம்.

ஊர்ப் பொங்கல் சாட்டி முளைப்பாரி போடும் நாட்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். இருட்டறையில் பயிர் வளரும் அந்த ஒரு வாரம், பத்து நாளும் இரவில் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுகிறார்கள். ஊரில் இருக்கும் மருமகள்களும், பொங்கலுக்கு வந்திறங்கும் மகள்களும் ஒரே வட்டத்தில் நிற்பார்கள். புதிதாகக் கட்டிவந்த பெண்ணுக்கு அடி தெரியாது, பாட்டும் தெரியாது. வயதான ஒரு அக்கா கையைப் பிடித்து இழுத்து, "சும்மா கொட்டு தாயி, தானா வரும்" என்று வட்டத்துக்குள் நிறுத்துவார். வாம்பா காட்டின் மூத்தவள் செய்யும் வேலைக்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு சடங்கு எனக்குத் தெரியவில்லை.

வட்டம் என்றதும் அதன் விளிம்பையும் சொல்லியாக வேண்டும். அருகில் இருப்பதே நட்பை உண்டாக்குகிறது என்று கணக்கோடு காட்டியவர்கள் லியான் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும். 1950இல் வெளியான அவர்கள் ஆய்வு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பைப் பற்றியது. அங்கே அடுத்த கதவுக்காரர் நெருங்கிய நண்பராகும் வாய்ப்பு 41 சதவீதம். அதே மாடியின் மறுகோடியில் இருப்பவருக்கு 10 சதவீதம்தான். அந்தக் குடியிருப்பில் யாருக்கு எந்த வீடு என்பதை யாரும் பார்த்துப் பொறுக்கி வைக்கவில்லை. நம் கிராமங்களில் எந்தக் கதவுக்கு அடுத்து எந்தக் கதவு என்பதைச் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது. தெரு வேறு, காலனி வேறு, அவரவர் அம்மன் கோயில் வேறு, அதனால் கும்மி வட்டமும் வேறு. அருகாமை விதி இங்கே கச்சிதமாக வேலை செய்கிறது, சாதியின் கையாளாக. அதைக் கொஞ்சமாவது கலைத்தது கோயில் அல்ல, கூலி. பருத்திக் காடு, மில் வேன், 2005இல் சட்டமான நூறு நாள் வேலை. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். கண்மாய்க் கரையில் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே இடத்தில் மண் சுமக்கிறார்கள். கருவேல மர நிழலில் சோற்று வாளியைத் திறக்கும்போது மறுபடி தெருத்தெருவாகப் பிரிந்து உட்காருவதும் உண்டு. எந்த ஊரிலாவது பிரியாமல் உட்கார்ந்தால் அதுதான் செய்தி.

மகளிர் குழுக்களுக்கு வருவோம். 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய இந்தக் குழுக்களைப் பணக் கணக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். மதுரைப் பக்கம் களஞ்சியம் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளை, அதற்கு முன் வயல் வேலைக்கு ஆள் திரட்டிப் போய்க் கூலி பேசும் தலைவியாக இருந்தவர். 2001இல் தில்லியில் அவருக்கு விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரு வேலைக் கூட்டத்தின் பழக்கம்தான் அங்கே சேமிப்புக் கூட்டமாக மாறியது என்பதை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை.

அடிக்கடி கூடுவது பழக்கத்தை வளர்க்குமா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கொல்கத்தாவில் முதல் கடன் வாங்கும் பெண்களின் குழுக்களைப் பொருளியலாளர்கள் ஃபைகன்பெர்க், ஃபீல்டு, ரோகிணி பாண்டே மூவரும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில குழுக்கள் வாரம் ஒருமுறை கூட வேண்டும், சில மாதம் ஒருமுறை. 2013இல் வெளியான முடிவு: வாரம் கூடியவர்கள், அந்தக் கடன் முடிந்து வெகு நாளுக்குப் பிறகும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த கடனில், மாதம் கூடியவர்கள் தவணை தவறியது இவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். சும்மா வந்து உட்கார்ந்த நேரம் பணமாகவும் திரும்பியது.

தலைகீழாகவும் நடக்கும். தனியார் நிறுவனங்களின் குழு லோனில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் தலையில் விழுகிறது. அன்றைக்கு வாசலில் வந்து நிற்பது வசூல்காரர் மட்டும் அல்ல, நேற்றுவரை சேக்காளியாக இருந்தவர்களும்தான். இப்படி முறிந்த பழக்கத்தை எந்த வட்டிக் கணக்கும் காட்டாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, வீடு வாசல் பிள்ளைகள் போதாதா என்று கேட்பவர்களுக்கு மருத்துவத்திலிருந்து ஒரு பதில். 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை, ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் குழுவினர் 2010இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். சமூக உறவு வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம். உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது. ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும் அம்மாக்கள் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் திரும்புவதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

பிடித்த நட்பைக் காப்பது தனிப் பாடு. ஓர் ஐரோப்பிய நாட்டின் லட்சக்கணக்கான செல்பேசிப் பதிவுகளை அலசிய குணால் பட்டாச்சார்யா முதலியோரின் 2016 ஆய்வில், ஒருவர் பேசும் ஆட்களின் எண்ணிக்கை 25 வயதில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்குகிறது. அது ஐரோப்பாவில். திருச்சுழியில் இருபத்தைந்துக்கு முன்பே தாலி ஏறிவிடுகிறது. தூரத்தில் இருப்பவரோடு பழக்கம் தேயாமல் இருக்க ஆணுக்குச் சேர்ந்து ஏதாவது செய்வதும், பெண்ணுக்குப் பேசிக்கொண்டே இருப்பதும் கைகொடுக்கிறது என்று டன்பாரும் சாம் ராபர்ட்ஸும் கண்டார்கள். அப்படியானால் செல்பேசி பெண்களுக்குத்தான் கூடுதலாக உதவ வேண்டும். தமிழ்நாட்டில் தாமே பயன்படுத்தும் செல்பேசி வைத்திருக்கும் பெண்கள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. மிச்சக் கால் பங்கினருக்குச் சேக்காளியின் எண் கணவர் போனிலோ மகன் போனிலோதான் இருக்கிறது, இருந்தால். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது, காசு கேட்காமல் வெளியே போகும் வழியைத் திறந்தது. அருப்புக்கோட்டையில் இருக்கும் பழைய சிநேகிதியைப் பார்க்கப் பஸ் காசுக்கு இனி யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். நேரத்துக்கு மட்டும் சொல்ல வேண்டும்.

நெடுநாள் விட்டுப்போன ஒருத்தியை அழைக்கக் கூச்சமாக இருக்கிறதே என்பவர்களுக்கு, பெக்கி லியூ குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு தெம்பு கொடுக்கும். 5,900க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய சோதனைகளில், சும்மா நினைத்துக்கொண்டு ஒருவரைத் தொடர்புகொள்வது எதிராளிக்கு எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதைப் பொதுவாகக் குறைத்தே மதிப்பிட்டார்கள். எதிர்பாராமல் வந்த தொடர்புதான் கூடுதல் சந்தோஷம் தந்தது. நம் பக்கத்துக்கு ஒரு திருத்தம் மட்டும் தேவை. பத்து வருடமாகப் பேசாதவள் திடீரென்று போன் அடித்தால் இங்கே முதலில் சந்தோஷம் வராது, "ஏம்மா, யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். அதனால் எடுத்ததும் "ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லா இருக்கோம், சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நல்லது.